ஊமைக் கயிறு

கோபத்தில் போன் போட்டுவிடுவது சுலபம். போனில் பேசிய ஆள் சொன்னபடி வந்து வாசலில் நிற்கும்போதுதான் செய்த காரியம் உறைக்கும்.

சின்னவளுக்கு இப்போது உறைத்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவரைத் தெருவே 'அணில்' என்றுதான் கூப்பிடும். தோளில் கயிற்றுச் சுருள், இடுப்பில் ரம்பம், தலையில் மஞ்சள் ஹெல்மெட். நல்ல கனத்த உடம்பு. அந்தப் பெயரை வைத்தவன் அவர் மரத்தில் ஏறுவதைப் பார்த்துவிட்டு வைத்திருக்க வேண்டும். நடப்பதைப் பார்த்திருந்தால் வேறு ஏதாவது வைத்திருப்பான்.

"மரம் எங்கம்மா?"

அவள் கையை நீட்டினாள். நீட்டியிருக்கவே வேண்டாம். வாசலிலிருந்து பார்த்தால் வீட்டை விட மரம்தான் முதலில் தெரியும்.

போன வாரம் நடந்தது இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்த அக்கா மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். காற்று அடித்தது. அவள் தலைக்கு மேலே தகரக் கூரையில் டமாரென்று ஒரு கிளை விழுந்தது. சின்னக் கிளைதான். ஆனால் அது எங்கிருந்து முறிந்தது என்று அண்ணாந்து பார்த்த சின்னவள், அதற்குப் பின்னால் படுத்திருந்த பெரிய கிளை அடிமரத்தைப் பிரியும் கவட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசலைப் பார்த்துவிட்டாள். அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

"பார்க்கலாம்" என்றார் அப்பா.

அப்பாவின் 'பார்க்கலாம்' எவ்வளவு தூரம் ஓடும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிதான் நின்றதே தவிர அந்த வார்த்தை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னவள் யாரையும் கேட்காமல் போனை எடுத்தாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதைக்கூட அம்மா மூலமாகத்தான் செய்தார்.

சின்னவள் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் அவள் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் ஆபீசில். மரம் விழுந்த வீடு, மரம் விழுந்த கார், மரம் விழுந்து ரெண்டாக மடிந்த கட்டில் எல்லாம் போட்டோவாக அவள் மேசைக்குத்தான் வரும். 'ஆபத்து இருப்பது தெரிந்தும் கவனிக்கவில்லை' என்று எழுதி, பணம் கிடையாது என்று திருப்பி அனுப்புவதும் அவள் கைதான். ஒவ்வொரு தடவையும் அந்த வரியை எழுதும்போது அவளுக்குக் கை கூசும். அந்த வீட்டிலும் ஒரு அப்பா 'பார்க்கலாம்' என்று சொல்லியிருப்பார்.

அணில் மரத்தைச் சுற்றி வந்தார். முழுதாகச் சுற்ற முடியவில்லை. ஒரு பக்கம் சுவர். அடிமரத்தை உரசிக்கொண்டு போகிற அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு.

ஒரே வீடாக இருந்ததுதான். அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்டார்கள். பிரித்தபோது சண்டை வரவில்லை. அதற்கப்புறம் ஒரு கதவால் வந்தது. சித்தப்பா தச்சர். அண்ணனின் புது வாசலுக்குத் தன் கையால் ஒரு கதவு செய்து மாட்டினார். மழைக்காலத்தில் அது உப்பிக்கொண்டு திறக்கவில்லை. வந்திருந்த விருந்தாளிகள் நடுவில் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் தம்பி கதவு செய்யலை, சுவர் செஞ்சிருக்கான்." எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. அதோடு சரி. ரெண்டு ஆண்பிள்ளைகளும் வாயைத் தைத்துக்கொண்டார்கள். அம்மாவும் சித்தியும் ஒருநாள்கூடப் பேச்சை நிறுத்தவில்லை. அதற்கெல்லாம் அவர்களுக்கு நேரமில்லை.

பேச்சு நின்றதும் சண்டை மரத்தில் ஏறியது. சுவரைத் தாண்டி வந்த கிளைகளையெல்லாம் சித்தப்பா வருஷாவருஷம் அறுத்தார். தச்சர் அறுப்பது தச்சர் மாதிரிதான் இருக்கும். சுவருக்கு நேராக நூல் பிடித்து, குறி போட்டு, மில்லிமீட்டர் பிசகாமல். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மரம் இழைப்புளி போட்டு இழைத்த பலகை மாதிரி தட்டையாக இருக்கும். இந்தப் பக்கம் அப்பா ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லை. இப்படியே போய், மரத்தின் மொத்தக் கனமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அக்கா தூங்குகிற கூரை மேல் படுத்துக்கொண்டது. உலகத்தில் எத்தனையோ அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள். அதற்காக ஒரு மரத்தைக் கூனாக்கியவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

அணில் வந்து நின்றார். "கவடு பொளந்திருக்கு. பெரிய காத்து வந்தா தாங்காது. நாளையில இருந்து எனக்கு வேற ஊர்ல வேலை, இன்னைக்கே இறக்கிடலாம். ஆனா இங்கிருந்து மட்டும் முடியாது."

"ஏன்?"

"கிளை கூரை மேல படுத்திருக்கு. அறுத்தா அப்படியே கூரையிலதான் உட்காரும். அறுக்கும்போதே எதிர்ப்பக்கமா ஒருத்தர் கயிறு போட்டு இழுத்தாத்தான் முற்றத்துல இறங்கும். இழுக்கிறதுக்கு உசரம் வேணும்." சுவருக்கு அந்தப் பக்க மொட்டை மாடியைக் காட்டினார். "அதான் உசரம்."

"முடியாது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்பா. தோளில் துண்டோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

"அவன் மாடியில கயிறு கட்டித்தான் என் மரத்தை வெட்டணும்னா வெட்டவே வேண்டாம். நீங்க போகலாம்."

"அப்பா!"

"பூ விடுற மரத்தை வெட்டக் கூடாது."

இதற்காகத்தான் அவள் இத்தனை நாளாகக் காத்திருந்தாள் போலிருக்கிறது. "எங்கப்பா பூ? காட்டுங்க. பூ விட்டிருக்குன்னு ஒரு தடவை சொன்னீங்க. அப்புறம் பிஞ்சு பிடிச்சிருக்குன்னீங்க. அப்புறம் காய் திரண்டிருக்கு, பழம் பழுத்திருக்கு, துளிர் விட்டிருக்கு, துளிர்ல கை வைக்கக் கூடாது! உங்க காலண்டர்ல வெட்டுற மாசமே கிடையாதா? இப்போ பழமும் முடிஞ்சாச்சு, துளிரும் இன்னும் வரலை. இதுதான் நேரம். இப்போ அறுத்தாத்தான் காயம் ஆறி, அடுத்த பூவுக்குள்ள மரம் தேறும். பெரிய காத்துக்கு முன்னாடி பாரமும் குறையும்."

"எல்லாம் தெரிஞ்சவ. படிச்ச திமிரு."

"ஆமா, திமிருதான். நீங்கதானே படிக்க வச்சீங்க? டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி என்னை உட்கார வச்சு, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னது யாரு? பின்னாடி பாரம் ஒரு பக்கமா ஏறினா வண்டி சாயும்னு எனக்குச் சொன்னது யாரு? மரத்துக்கு மட்டும் அது கிடையாதா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவன் பக்கம் மொத்தமும் போச்சு" என்றார், அவளைப் பார்க்காமல். "என் பக்கமாவது இருக்கட்டும்னு விட்டேன். நானும் அறுத்தா என்னடி மிச்சம் இருக்கும்?"

வறட்டுப் பிடிவாதம் என்றுதான் சின்னவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். கத்துவதற்குத் தயாராக வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கத்துவது சுலபம்.

உள்ளேயிருந்து தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? போய் சித்தப்பாவைக் கூட்டிட்டு வா. பட்டறையிலதான் இருக்காராம். உங்க சித்தி இப்பதான் சொன்னா."

*

பட்டறையில் மரத்தூள் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. சித்தப்பா ஒரு ஜன்னல் சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை நின்றது. முகம் மலர்ந்ததை மறைக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"மேசை ஆடுதா?" என்றார். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவர் செய்துகொடுத்த மேசை. எப்போது பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான்.

"ஆடலை சித்தப்பா. மரம்தான் ஆடுது."

விஷயத்தைச் சொன்னாள். அவர் திரும்பவும் இழைக்க ஆரம்பித்தார்.

"உங்கப்பன் அனுப்பினானா?"

"இல்லை."

"அப்ப போயிட்டு வா."

"நீங்களும் சேர்ந்துதான் சித்தப்பா அந்த மரத்தைக் கெடுத்தீங்க."

இழைப்புளி நின்றது. "நானா? நூல் பிடிச்சு அறுத்தவன் நான். என் அறுப்புல ஒரு பிசிறு காட்டு, பார்ப்போம்."

"சுவருக்கு நேரா நூல் பிடிச்சீங்க. கிளை எங்க முளைச்சுதோ அந்தக் கழுத்து வரைக்கும் போய் அறுத்திருந்தா மரமே காயத்தை மூடியிருக்கும். நீங்க கட்டை கட்டையா விட்டுட்டு வந்திருக்கீங்க. வந்து பாருங்க."

"என் வேலையில குத்தம் சொல்றது உங்க குடும்பத்துக்கே பழக்கமாப் போச்சு!"

"நானும் உங்க குடும்பம்தான்" என்றாள் சின்னவள். "வர்றீங்களா, இல்லை பயமா?"

வந்தார். குத்தூசியைக் கையோடு எடுத்துக்கொண்டு தன் பக்கச் சுவரில் ஏணி போட்டு ஏறினார். சுவரோரம் நீட்டிக்கொண்டிருந்த பழைய வெட்டுக் கட்டை ஒன்றில் ஊசியை வைத்தார். அழுத்தவே இல்லை. பஞ்சில் இறங்குவது மாதிரி பிடி வரைக்கும் உள்ளே போனது. உருவி எடுத்தார். பக்கத்துக் கட்டையில் வைத்தார். அங்கேயும் போனது.

மரம் உளுத்திருக்கிறதா இல்லையா என்று இன்னொருத்தர் வந்து சொல்ல வேண்டிய ஆளில்லை அவர். ஊசி நுனியில் ஒட்டியிருந்த பழுப்புத் தூளை வேட்டியில் துடைத்தார். மெதுவாக ஏணியிலிருந்து இறங்கினார்.

"மேல தூங்குறது பெரியவதானே?"

"ஆமா."

"அவளுக்காக வர்றேன். உங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன், சொல்லிட்டேன்."

*

அக்காவை எழுப்புவதுதான் அடுத்த போராட்டம். "விழுந்தா விழட்டும், என்னை விடு" என்று தலையணையில் முகம் புதைத்தவளைக் காலைப் பிடித்து இழுக்காத குறையாகக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. தலையணையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். பாதிக் கண் திறந்திருந்தது.

எதிர் மாடியில் தம்பி ஏறி நிற்பதை அப்பா பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். போய், கிளையில் கட்டியிருந்த ரெண்டு கயிறுகளில் இறக்குகிற கயிற்றை அடிமரத்தில் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பேச்சு கிடையாதாம். அம்மா மூலமாக அறிவிப்பு வந்தது.

அணில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணு சொல்லிடறேன். நான் மேல இருப்பேன். கீழ இருக்கிறவர் விடும்போது மாடியில இருக்கிறவர் இழுக்கணும். ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசிக்கிட்டே இருக்கணும். ஊமைக் கயிறு ஆளைக் கொன்னுடும்."

ரெண்டு பேரும் தலையாட்டினார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் பாரம் குறைய வேண்டும் என்று அணில் நுனியிலிருந்த சின்னக் கிளைகளை எடுத்தார். அப்பா சின்னவள் பக்கம் திரும்பினார்.

"அந்த ஆளை இழுக்கச் சொல்லு."

"சித்தப்பா, இழுங்க!"

"எவ்வளவுன்னு கேளு" என்று மாடியிலிருந்து வந்தது.

"எவ்வளவுப்பா?"

"ஒரு கை."

"ஒரு கை, சித்தப்பா!"

"வலது பக்கமா, இடது பக்கமான்னு..."

அதற்குள் கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தண்ணீர்த் தொட்டியின் மூடியை ரெண்டாக உடைத்துவிட்டு, துணிக்கொடியையும் இழுத்துக்கொண்டு முற்றத்தில் விழுந்தது. அம்மா தைத்துக் கொடுக்க வேண்டிய யாரோ ஒருத்தியின் பச்சை ரவிக்கை அதன் உச்சியில் கொடி மாதிரி பறந்தது.

"அது நாளைக்குக் குடுக்க வேண்டியது!" என்று அம்மா அலறினாள்.

சின்னவள் கையிரண்டையும் தூக்கினாள். "போதும்! நான் தபால்காரி இல்லை. அடுத்தது பெரிய கிளை. ஏறி நிக்கிறது ஒரு மனுஷன், அவருக்கும் வீட்டுல ஆள் இருக்கும். பேசுறதா இருந்தா பேசுங்க, இல்லேன்னா அவரை இறங்கச் சொல்றேன். விழுந்தா விழட்டும். நானே என் ஆபீசுல உட்கார்ந்து எழுதுறேன், 'தெரிந்தும் கவனிக்கவில்லை'ன்னு!"

சொல்லிவிட்டுப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்காவின் தலையணையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அணில் கீழே பார்த்தார், எதிரே பார்த்தார். அப்பா தொண்டையைக் கனைத்தார். "ஆரம்பிங்க" என்றார், பொதுவாக. சித்தப்பா கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

பட்டை கிழிந்து அடிமரம் வரைக்கும் உரியாமலிருக்க, அணில் முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டுக் கொடுத்தார். பிறகு கொஞ்சம் தள்ளி மேல்பக்கம் ரம்பத்தை வைத்தார். பாதிகூட ஆகவில்லை. பழைய விரிசல் முந்திக்கொண்டது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிளந்துகொண்ட கிளை அணில் நின்ற பக்கமாகத் திரும்பியது. அவர் மரத்தைக் கட்டிக்கொண்டார். கிளையின் மொத்தக் கனமும் கயிற்றில் ஏறி, அப்பாவின் கால்களை மண்ணில் இழுத்துக்கொண்டு போனது.

"டேய் மொட்டை!" அப்பாவின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "இழுடா! இழுடா மொட்டை!"

"இழுத்துட்டேண்ணே!" மேலேயிருந்து குரல் பாய்ந்து வந்தது. "நீ விடாதே! இப்ப விடாதே... என் பக்கம் வருது... வருது... இப்ப விடு! கொஞ்சம் விடு! பிடி!"

"பிடிச்சிருக்கேன்!"

"சுவர்ல இடிக்கும், நிறுத்து! நான் இன்னும் தள்ளி வர்றேன்... ம், விடு! விடுண்ணே, விடு, விடு..."

தகரத்தைத் தொடாமல், சுவரைத் தொடாமல், தன் இலைகளையெல்லாம் சலசலவென்று அடித்துக்கொண்டு பெரிய கிளை முற்றத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

அணில் மேலேயிருந்து முதலில் தன் கையைப் பார்த்தார், அப்புறம் காலைப் பார்த்தார். எல்லாம் இருந்தது. மீதமிருந்த கட்டையைக் கழுத்தோடு சுத்தமாக அறுத்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷத்துக்கு இது போதும். ஒரேயடியா மொட்டையடிச்சா மரம் தாங்காது. அந்தப் பக்கத்து உளுத்த கட்டைங்களைப் பதமா எடுக்கணும். அதுக்குத் தனியா ஒருநாள் வர்றேன்."

யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"ஏண்டா, இழுக்க இவ்வளவு நேரமா?" அப்பா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து கத்தினார். கயிறு உரசிய உள்ளங்கை சிவந்திருந்தது.

"நீ சொன்னாத்தானே இழுப்பாங்க? வாயில என்ன பூட்டா போட்டிருந்த? அப்புறம் மொட்டைன்னு கூப்பிடற வேலை வச்சுக்காதே. எனக்குப் பேரன் பிறந்தாச்சு."

"சின்ன வயசுல பேன் புடிச்சு அடிச்ச மொட்டை. இப்ப தானாவே ஆயிடுச்சு, நான் என்ன பண்ண? கழுத்து எங்கேன்னு தெரியாம மரத்தை அறுத்தவன்தானே நீ?"

"அறுக்கவே அறுக்காம காடு வளர்த்தவன் நீ!"

"சரி, உன்னை யாரு இங்க ஏறி நிக்கச் சொன்னா?"

"உன் பொண்ணுதான். என் பட்டறைக்கே வந்து சண்டை போட்டுட்டுப் போறா."

"உங்கிட்டயுமா? வாய் ரொம்ப நீண்டு போச்சு அவளுக்கு."

"நீ குடுத்த செல்லம்."

"நீ குடுக்கலையா?"

சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் பேசாதவர்கள் பேச ஆரம்பித்ததும் முதல் வேலையாக அவள்மேல் கட்சி சேர்ந்துவிட்டார்கள். பதிலுக்குக் கத்தலாம் என்று எழுந்தாள். கண்ணில் தண்ணீர் வந்து தொலைத்தது. மரத்தூள் என்று சொல்லிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அங்கேயும் மரத்தூள்தான்.

கிளை போன இடத்தில் வானம் திறந்திருந்தது. மத்தியான வெயில் மாடி அறையின் ஜன்னல் வழியாக முதல் தடவையாக நேராக உள்ளே இறங்கியது. சித்தப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"அண்ணே" என்றார். இப்போது குரலில் சண்டை இல்லை. "பெரியவ எங்கயாவது கிளம்புறாளா?"

"இல்லையே. ஏன்?"

"இல்லை... இங்கிருந்து ரூம் பளிச்சுனு தெரியுது. பெட்டியெல்லாம் கட்டி அடுக்கி வச்சிருக்கா. சுவர்ல ஒரு படம்கூட இல்லை. அலமாரியும் காலி."

அப்பா திரும்பினார். அம்மா கையில் பச்சை ரவிக்கையோடு திரும்பினாள். சற்று முன் அக்காவை எழுப்பப் போனபோது, அரை இருட்டில் அந்த அறையை ஏறிட்டுக்கூடப் பார்க்காத சின்னவளும் திரும்பினாள்.

அக்கா முழுக்க விழித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. தங்கையின் மடியிலிருந்த தலையணையை மெதுவாக எடுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேற ஊர் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்ப்பா" என்றாள்.